ஏழாம் எண் மூடி

பிறை என்றதும் நிலாத்துண்டை நினைக்காதீர்கள்.
எங்கள் பிறையில் புகைபோக்கி உண்டு,
பன்னிரண்டு மணிநேர சிஃப்டு உண்டு,
வானம் பார்க்க
கழிவறைக்குப் போய்வரும் ஆறு நிமிடம் உண்டு.

நான் மூடி செய்கிறவள்.
தண்ணீர்ப் போத்தலின் நீல மூடி.
அச்சு ஒருமுறை வாய் திறந்தால் இருபத்து நான்கு விழும்.
ஒன்பது நொடியில் மறுபடியும் திறக்கும்.
எண்ணுவது எந்திரத்தின் வேலை,
கோணலைப் பொறுக்குவது என் வேலை.

சனிக்கிழமை நாலு மணிக்கு
அதே மூடிகள் அரிசிச் சாக்கில்
எங்கள் பிளாட்டின் கீழ்த்தளத்துக்கு வருகின்றன.
நின்றுபோன லிப்டுக்கு எதிரே
மோட்டார் கடை ஸுல்கிஃப்ளி
ஒரு பழைய கேக் அடுப்பையும் லாரி ஜாக்கியையும் வைத்துப்
பட்டறை போட்டிருக்கிறான்.
ஆ செங் கத்தரிக்கிறார்.
பிள்ளைகள் நிறம் பிரிக்கிறார்கள்:
கிச்சாப் போத்தல் சிவப்பு, எண்ணெய்ப் போத்தல் மஞ்சள்,
மற்றதெல்லாம் என் நீலம்.

மூன்றாம் மாடி லோகாம்பாள்
தைப்பூசத் தண்ணீர்ப்பந்தல் கோப்பைகளை
இரண்டு மூட்டை சுமந்து வந்தாள்.
ஸுல் அடியைத் திருப்பிப் பார்த்துத் தலையாட்டினான்.
"அக்கா, இது வேற சாதி. ஒண்ணா உருகும், ஆனா ஒட்டாது."
எங்கள் மாடியில் ஒரு கல்யாணப் பேச்சில்
இதையே கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொன்னார்கள்.
லோகாம்பாள் மூட்டையைத் திருப்பித் தூக்கவில்லை.
அது இன்னும் படிக்கட்டின் அடியில் கிடக்கிறது.

முதல் பலகை கருகியது.
அந்த வாடை என் தலைமுடிக்குப் பழக்கம்,
எந்த ஷாம்புக்கும் போகாதது.
"பத்து டிகிரி குறை. மூடியை நசுக்காதே,
அதுவாகவே உட்காரட்டும்" என்றேன்.
ஸுல் குறைத்தான்.
அவ்வளவுதான். நான் சொன்னேன், ஒருவன் குறைத்தான்.
பத்தொன்பது வருடத்தில் இது முதல் தடவை.

மூன்றாவது வாரம் அது கையில் பட்டது.
மூடியின் உள்ளே, கடுகளவில், ஏழு.
விளிம்பில் நகக்கீற்றுப் போல ஒரு பிசிறு,
சரியாகச் சொன்னால், ஒரு பிறை.
என் அச்சின் ஏழாம் குழி.
சூப்பர்வைசர் தவநேசனிடம் மூன்று மாதமாகச் சொல்கிறேன்.
"தண்ணி ஒழுகுதா? ஒழுகலேல்ல, விடு."
சாக்கைக் கொட்டித் தேடினேன்.
பதினொன்று கிடைத்தன.
எந்தக் கடையில் வாங்கி, எவர் விரலைக் கீறி,
எந்தச் சாக்கடையில் மிதந்து வந்தனவோ.

"ஆண்ட்டி, இதெல்லாம் நீங்க செஞ்சதா?"
பிரித்துக்கொண்டிருந்த கீர்த்திவாசன் கேட்டான்.
ஆமாம் என்றால் குப்பை என்னுடையது,
இல்லை என்றால் பத்தொன்பது வருடம் யாருடையது?
"கத்தரிக்கோலை அங்கிட்டு வை" என்றேன்.

ஐந்து வாரம். ஒன்பதாயிரம் மூடி.
ஒரு பெஞ்சு.
பள்ளிக்கூடம் வீசிய இரும்புக் கால்களில்
நீலமும் சிவப்பும் சுழித்த பலகை.
எல்லோரும் கைதட்டினார்கள்,
ஆ செங் எல்லோருக்கும் கோப்பி ஓ வாங்கித் தந்தார்.
ஒன்பதாயிரம் என் எந்திரத்துக்கு
ஒரு மணிநேரம்கூட ஆகாது.
மனக்கணக்கு அதுபாட்டுக்கு ஓடி முடிந்துவிட்டது.
நான் வாயைத் திறக்கவில்லை.
கோப்பி சூடாக இருந்தது.

லிப்டு இன்னும் ஓடவில்லை.
கேஸ் கொண்டுவரும் பையன்
எட்டு மாடி ஏறுமுன் சிலிண்டரை அதில் இறக்கி
முதுகை நிமிர்த்துகிறான்.
ஒரு கால் கொஞ்சம் குட்டை,
மைலோ அட்டையை மடித்து வைத்திருக்கிறோம்.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.
கடைசிப் பலகை சூடு ஆறுமுன்
ஒரு ஏழாம் எண்ணை மல்லாத்தி
ஓரத்தில் அழுத்திவிட்டேன்.
உருகாமல், எண் தெரிய, பிறை தெரிய, அங்கேயே நிற்கிறது.

லோகாம்பாள் எழும்போதெல்லாம் நைட்டி அதில் மாட்டுகிறது.
"எவ செஞ்சு தொலைச்சாளோ!"

இரவு சிஃப்டுக்கு இறங்கிக்கொண்டே
திரும்பிப் பார்க்காமல் சொல்கிறேன்:
"தண்ணி ஒழுகலேல்ல. விடு."